கயிற்றைப் பிடித்த சாம்பியன்

எனக்கு முதலில் துரோகம் செய்தவர் ஜெபமணி. ராயபுரம் குத்துச்சண்டை மன்றத்தில் நடந்த ஹெவிவெயிட் பட்டச் சண்டைக்கு அவர்தான் நடுவர். கடைசி மணி அடித்தபோது இடி ஏகாம்பரம் மேடைக் கயிற்றைப் பிடித்துத் தள்ளாடிக்கொண்டிருந்தான். எதிரில் நான் நேராக நின்றேன். ஜெபமணி அவன் கையைத் தூக்கினார். அவன் சாம்பியன் ஆனான். நான் அதே மன்றத்தில் நாற்காலி போடுகிறவன் ஆனேன்.

போன மாதம் ஏகாம்பரத்தின் நினைவு நாளுக்குப் பட்டிமன்றம் வைத்தார்கள். அவன் உண்மையிலேயே பெரிய வீரனா, இல்லையா என்பது தலைப்பு. அதற்கும் ஜெபமணிதான் நடுவர். இல்லை என்று பேச வேண்டியவர் பயந்துபோய் வரவில்லை.

"யோவ் துரைக்கண்ணு, நீதான் ஊரெல்லாம் முணுமுணுக்கிறியே, மேல வந்து பேசு. ஆனா அவரைப் பத்தித் தப்பா ஒரு வார்த்தை வந்துது, நாளைலேர்ந்து மன்றத்துப் பக்கமே வராதே," என்றார் ஜெபமணி.

மைக்கைப் பிடித்தேன். "ஐயா, அவர் பட்டம் வாங்கின அன்னிக்கு எதிர்ல நின்னது நான். நான் எப்படிப்பட்ட ஆளு? நீங்களே சொல்லுங்க."

"நீயா? ஊதினா விழுவே."

கூட்டம் சிரித்தது.

"ஊதினா விழறவனை ஜெயிச்சவரு எப்படிங்க பெரிய வீரர்?"

சிரிப்பு அவர் பக்கம் திரும்பியது. ஜெபமணி பதறி எழுந்தார். "விளையாட்டுக்குச் சொன்னேம்பா. நீ லேசுப்பட்டவனா? அவரையே கயித்தைப் பிடிக்க வெச்சவனாச்சே."

"அப்போ மணி அடிச்சப்ப நேரா நின்னது யாருங்க?"

"சொல்லுங்க நடுவரே," என்றது கூட்டம்.

ஜெபமணி ஒரு பொன்னாடையை எடுத்து என் தோளில் போட்டார். நான் வலது கையை அவரிடம் நீட்டினேன். குலுக்கினார்; தூக்கவில்லை.