தொங்கிக்கிட்டே நடந்த செல்போன்

"யாரைப் பார்த்துச் சோம்பேறிங்கிறே? ஃபேன்ல தொங்கிக்கிட்டு நடந்தேன் நடந்தேன்னு பீத்துறது நீ! கட்டிலுக்கடியில கிடந்தா நான் சோம்பேறியா?"

கேன்வாஸ் ஷூ செல்போனைப் பார்த்துக் கத்துன கத்துல அங்க தூங்கிட்டிருந்த தூசியெல்லாம் எந்திரிச்சு உக்காந்துச்சு.

அது மலையடிவாரத்துல ஒரு ஹாஸ்டல். புள்ளைங்க தினமும் நடக்கணும், நடந்தா மார்க்குன்னு காலேஜ்ல சொல்லிட்டாங்க. எத்தனை அடி நடந்தாங்கன்னு கணக்கு வைக்கிறது செல்போன். இந்த ஷூவுக்குச் சொந்தக்காரி ஜெனோவா என்ன பண்ணா? செல்போனைத் துப்பட்டாவுல முடிஞ்சு ஃபேன்ல தொங்கவிட்டா. அது ஆட ஆட, அவ நடந்ததாக் கணக்கு ஏறுச்சு. அதைப் பார்த்து ரூமுக்கு ரூம் தொங்கவிட்டாங்க.

மார்க் வந்துச்சு. ஆனா ரெண்டு படி ஏறுனா ஜெனோவாவுக்கு மூச்சு வாங்குது. ஷூவுக்கு அதுதான் பொறுக்கல.

ஒரு விடியக்காலைல ஜன்னல் வழியாப் பனி உள்ள வந்துச்சு. ஜெனோவாவோட மூச்சு நைஸா இறங்கி ஷூகிட்ட வந்துச்சு.

"அண்ணே, உள்ள ஒரே புழுக்கம். என்னைக் கொஞ்சம் வெளிய கூட்டிட்டுப் போயேன்."

"கால் இல்லாம நான் எங்க போறது? முதல்ல அவளை எழுப்பு."

மூச்சு ஜன்னலுக்கு வெளிய எட்டி, ஈரமண் வாசனையை ஒரு கை மொண்டுவந்து அவ மூக்குல ஊத்துச்சு. ஜெனோவா அரைத்தூக்கத்துலயே ஷூவுக்குள்ள காலை விட்டா. செல்போனை எடுக்கவே மறந்துட்டா.

"எங்கடி கிளம்பிட்டே, கனவு கினவு கண்டியா?"ன்னு ரூம்ல கூட இருக்குற சபூரா கேட்டா.

"தெரியலடி. நீயும் வா."

ஏரி புகையா மிதந்துச்சு. மரமெல்லாம் பாதி தரையில, பாதி மேகத்துல நின்னுச்சு. ஏரிக்கரைப் பாதை சிரிச்சுது. "ஓட வேணாம் தாயி. சும்மா வா."

மூச்சு ஒவ்வொரு மரத்துக்கும் போய்ப் போய் வந்துச்சு. உலக்கை மாதிரி இடிச்சுட்டிருந்த நெஞ்சு, தொட்டில் மாதிரி ஆட ஆரம்பிச்சுது. எப்பவும் புலம்புற முழங்கால், புலம்பலை எங்கயோ வழியில போட்டுட்டு வந்துச்சு.

அந்த மழைக்காலம் முழுக்க நடந்தாங்க. இப்பல்லாம் படி ஏறுறப்ப ஜெனோவா பாடிக்கிட்டே ஏறுவா.

ஒருநாள் காலைல ஏரிக்கரைப் பாதைக் கதவுல புதுப் பூட்டு தொங்குச்சு.

"ஏய், வழியை விடு!"ன்னுச்சு ஷூ.

"எங்கிட்ட ஏன்ப்பா பாயுறே?"ன்னுச்சு பூட்டு. "எல்லாப் புள்ளைங்களும் ரூம்லயே பிரமாதமா நடக்குறாங்கன்னு செல்போனுங்க சொல்லிருச்சு. அப்புறம் பாதை எதுக்கு? இங்க கார் நிறுத்தப் போறாங்களாம்."

ஜெனோவாவுக்கு மூச்சு நெஞ்சுலயே நின்னுபோச்சு. "நாமதான்டி பூட்டியிருக்கோம்"னா.

ஷூ அந்த இடத்துலயே திரும்பி, வரிசையா நிக்கிற ஹாஸ்டல் ஜன்னல்களைப் பார்த்துக் கத்துச்சு.

"ஃபேன்ல தொங்குறவங்க அத்தனை பேரும் இறங்கி மைதானத்துக்கு வாங்க! எல்லார் முன்னாடியும் ஒரே ஒரு பதில் சொல்லுங்க. நீங்க நடந்த வழியில என்ன வாசனை அடிச்சுது?"