கத்தாத ஆள்காட்டி

ஆள்காட்டிக் குருவிகள் மரத்தில் கூடு கட்டுவதில்லை. வற்றிய ஏரியின் வெறுந்தரையில், கூழாங்கற்களுக்கு நடுவே முட்டையிடும். எதிரி வந்தால் மேலே பறந்து காது கிழியக் கத்தும். அதுதான் அவற்றின் வழக்கம்.

செம்மூக்கன் என்ற ஆள்காட்டிக்கு ஏரியிலேயே பெரிய குரல். அதில் அவனுக்குக் கர்வமும் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அவனுடைய போன வருஷத்து மகள் பொடிச்சி கத்தவே மாட்டாள். நரி வரும்போதெல்லாம் ஒரு கல்மேல் நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

“ஏன் செம்மூக்கா, உனக்கா இப்படி ஒரு ஊமை பொறந்துச்சு!” என்று கொக்கு சிரித்தது. செம்மூக்கனுக்கு மானமே போயிற்று.

புதிதாக வந்த நாரை ஒன்று, “அந்தப் பொண்ணு யாரு?” என்று கேட்டது.

“யார் பெத்ததோ!” என்று சொல்லிவிட்டான் செம்மூக்கன். பொடிச்சி பக்கத்திலேயேதான் நின்றிருந்தாள்.

அந்தக் கோடையில் நரி பல கூடுகளைக் காலி செய்திருந்தது. செம்மூக்கனின் முட்டைகளும் போயின. அவன் மனைவி மறுபடியும் முட்டையிட்டிருந்தாள். இவையும் போனால் இந்த வருஷம் குஞ்சே கிடையாது.

ஒரு காலையில் நரி வந்தது. எல்லா ஆள்காட்டிகளும் பறந்து கத்தின.

“அப்பா, வாயை மூடுங்க!” என்றாள் பொடிச்சி.

“கத்தத் துப்பில்ல, வாய் மட்டும் நீளுதோ!”

“முட்டையும் கல்லும் ஒண்ணு போலத்தானே இருக்கு? நரிக்கு எப்படித் தெரியும்? நாம எங்க அதிகமா கத்துறோமோ, அங்க வந்துதான் மோந்து பாக்குது. ஒவ்வொரு தடவையும் பாத்துட்டேன்!”

செம்மூக்கன் கீழே பார்த்தான். அவன் கத்திய பக்கமே நரி திரும்பியது. அது கூட்டை நெருங்க நெருங்க அவன் குரல் உயர்ந்தது. நரியின் நடையும் வேகமாயிற்று. முதல் முட்டைகளுக்கு வழி காட்டியது தன் குரல்தானா! அவனுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

“எல்லாரும் நிறுத்துங்க!” என்றான்.

பொடிச்சி நேரே ஏரி நடுவில் இன்னும் காயாமல் கிடந்த சேற்றுப் பள்ளத்துக்குப் பறந்தாள். அங்கே போய்க் கத்தினாள் பாருங்கள், ஏரியே அதிர்ந்தது! நரி நாக்கில் நீர் ஊற ஓடிப்போய், கழுத்துவரை சேற்றில் புதைந்தது. உருண்டு புரண்டு கரையேறிய நரி, அதன்பின் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

பறவைகள் எல்லாம் கூடிவிட்டன. “குரலைக் கேட்டதுமே தெரிஞ்சுபோச்சு, இது செம்மூக்கன் மகதான்னு! கொடுத்து வச்சவரய்யா நீர்!” என்றது நாரை.

செம்மூக்கனுக்கு நெஞ்சு விம்மியது. தலைதான் நிமிரவில்லை. “இவளை யார் பெத்ததோன்னு சொன்ன பாவி நான்,” என்று எல்லார் முன்னாலும் அழுதான்.

பொடிச்சி அவன் சிறகோடு ஒட்டி நின்றாள். “அம்மா பசியோட கூட்டுல உக்காந்திருக்காங்க. வாங்கப்பா, போகலாம்,” என்றாள்.

பிள்ளையின் அறிவே பெற்றவருக்கு மகிழ்ச்சியும் மதிப்பும் தரும். பிள்ளை தம்மைப் போல இல்லையே என்று வெட்கப்படுபவர், கடைசியில் தம்மை நினைத்தே வெட்கப்பட வேண்டியிருக்கும்.