காண்டோன் என்றொரு வார்த்தை

எனக்கு முதலில் கெடுதல் செய்தவர் ஆவுடையப்பன், எங்கள் கோயில் மேனேஜர். இதை எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதுவேன்.

நான் கொடுத்த மனு எனக்கே திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் இங்கிலீஷில் மூன்றே வார்த்தை. கீழே அவர் கையெழுத்து.

நான் படித்தது நாலாம் வகுப்பு. காகிதத்தை எடுத்துக்கொண்டு, கோர்ட்டுக்கு எதிரே டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தும் சலோமி டீச்சரிடம் போனேன். என்னைவிட இருபது வயது இளையவர். ஊரில் யாருக்கு இங்கிலீஷ் காகிதம் வந்தாலும் அவரிடம்தான் போவார்கள். அதிகம் பேசமாட்டார்.

"டீச்சர், இந்த ஆளு என்னை என்னன்னு திட்டியிருக்காரு?"

வாங்கிப் பார்த்தார்.

"டிலே நாட் காண்டோண்ட்."

"டிலே தெரியும். ரயில்வே ஸ்டேஷன்ல தினம் கத்துதான். நாட்டும் தெரியும். ஆயுசு பூரா எனக்கு அதைத்தான் சொல்லியிருக்காங்க. கடைசி வார்த்தை என்ன?"

"காண்டோன். தப்பு நடந்தது தெரியும். தெரிஞ்சும், போகட்டும்னு விட்டுடறது."

"விட்டுட்டாரா?"

"விடலை."

நான் தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவன். தேர் நிற்பதும் திரும்புவதும் அந்தக் கட்டையால்தான். இருபத்தெட்டு வருஷமாக வலது பின் சக்கரம் என்னுடையது. இந்த வருஷப் பட்டியலில் என் பெயர் இல்லை. ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளைக்குள் மனுக் கொடுக்கவேண்டும் என்று போர்டில் ஒட்டிவிட்டார்கள். கால் புண்ணுக்காக நான் மறுபடி ஆஸ்பத்திரியில் கிடந்தேன். முப்பத்துநாலாம் நாள் கொடுத்தேன்.

"நாலே நாள், டீச்சர். இருபத்தெட்டு வருசத்துல ஒரு நாள் நான் சக்கரத்துக்கு லேட்டா வந்திருப்பேனா? லேட்டா வந்தா நான் உயிரோட இருப்பேனா?"

டீச்சர் மனுவை மடித்தார்.

"இந்த வார்த்தையை வச்சு ஒரு வாக்கியம் சொல்லுங்க, அண்ணாச்சி."

"நான் என்ன பரீட்சை எழுதவா வந்தேன்?"

"சொல்லுங்க."

"மேனேஜர் என் டிலேயைக் காண்டோன் பண்ணலை."

"சரியான வாக்கியம். ஆனா அது அவரோடது. உங்க வாக்கியத்தைக் கொண்டு வாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வயிறெரிந்து வந்தவனுக்குப் பாடம் நடத்துகிறாள் என்று முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கினேன். அது அவர் காதில் விழுந்திருக்கும். விழட்டும்.

மறுநாளும் போனேன். வேறு யாரிடம் போக?

"சாமி என் குத்தத்தைக் காண்டோன் பண்ணட்டும். போதுமா?"

"அது சாமியோட வாக்கியம்."

"அப்ப எனக்குன்னு ஏது? காண்டோன் பண்றதுக்கு என்ன தகுதி வேணும்? பேனாவா? நாற்காலியா?"

"நட்டப்பட்டிருக்கணும்."

"என் நாலு நாள்ல ஆவுடையப்பன் என்னத்தை நட்டப்பட்டாரு?"

டீச்சர் குனிந்து என் காலைப் பார்த்தார்.

"ரெண்டு விரல் இல்லையே."

"ஊருக்கே தெரியும். தெரியாத மாதிரிக் கேக்கீங்க."

"நீங்க சொல்லி நான் கேக்கலை."

சொன்னேன். போன வருஷத் தேரோட்டம். தெற்கு ரதவீதி முக்கு. தேர் முக்கை நெருங்கியதும் மேனேஜர் சிவப்புக் கொடியை இறக்கவேண்டும். கொடி இறங்கினால் வடம் இழுப்பவர்கள் நிறுத்துவார்கள். அதற்குப் பிறகுதான் நாங்கள் கட்டையைக் கொடுப்போம். அன்றைக்குக் கொடி இறங்கவில்லை. மேனேஜர் யாரோ ஒரு விருந்தாளிக்குப் பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தார். போர்த்தியது போட்டோவில் சரியாக விழவில்லை என்று இரண்டாம் தடவையும் போர்த்தினார். சக்கரம் பூக்கடையைப் பார்த்துப் போனது. கடைக்குள் நாலைந்து பெண்கள் இருந்தார்கள். நான் கொடிக்குக் காத்திருக்கவில்லை. ஓடுகிற சக்கரத்துக்குக் கட்டையைக் கொடுத்தேன். தேர் நின்றது. கட்டை வழுக்கி, கால் உள்ளே போயிருந்தது.

டைப் அடித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லோரும் நிறுத்திவிட்டார்கள்.

"கொடி எவ்வளவு நேரம் லேட்?"

"அரை நிமிசம் இருக்கும்."

"அதுக்கு அவர் என்ன சொன்னார்?"

"ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப்பழம் கொடுத்துவிட்டாரு. அப்புறம், இந்த ஆளுக்குக் கால் சரியில்லைன்னு பேரை அடிச்சாரு."

டீச்சர் மேஜை டிராயரைத் திறந்தார். ஒரு சிவப்புப் பேனாவை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"எனக்கு இங்கிலீஷ் எழுத வராது, டீச்சர்."

"பேச வரும்."

பேனாவைத் திரும்ப உள்ளே போட்டுவிட்டு, பிள்ளைகளைப் பார்த்தார். மெஷின்கள் மறுபடி சத்தம் போட ஆரம்பித்தன.

இரண்டு வாரம் கழித்து மேனேஜரே ஆள் அனுப்பினார். போனேன். நாற்காலியைக் காட்டினார். இருபத்தெட்டு வருஷத்தில் காட்டாத நாற்காலி.

"வாரும், மாசானம். கால் எப்படி இருக்கு?"

"மிச்சம் இருக்கிறது நல்லா இருக்கு."

சிரித்தார். ஒரு காகிதத்தை என் பக்கம் தள்ளினார்.

"மேலிடத்துல இருந்து விசாரணைக்கு வாராங்க. காயம் எப்படிப் பட்டதுன்னு கேப்பாங்க. உம்ம கவனக்குறைவால கால் வழுக்கிட்டுன்னு இதுல எழுதியிருக்கு. ஒரு கையெழுத்துப் போடும். உம்ம நாலு நாளை நான் காண்டோன் பண்ணிடுதேன். வாற மாசம் அதே சக்கரம் உமக்குத்தான்."

வலது பின் சக்கரம். எனக்கு வேறென்ன வேண்டும்? தேரோட்டத்தன்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கிற கூட்டத்தில் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். பேனாவை வாங்கிவிட்டேன். பொய் சொல்லவில்லை, வாங்கிவிட்டேன்.

நான் தயங்குவதை அவர் பார்த்தார்.

"என்னவே யோசிக்கீரு? அரை நிமிசம்தானே. விட்டுத் தொலையும்."

பேனாவை வைத்தேன்.

"மேனேஜர், உங்க டிலே நாட் காண்டோண்ட்."

"என்னது?"

"உங்க இங்கிலீஷ்தான்."

முகம் கறுத்துவிட்டது. "அப்படின்னா சக்கரத்துப் பக்கமே வரமுடியாது. தெரியும்ல?"

"தெரியும்."

"பின்னே உமக்கு என்னதான்வே வேணும்?"

"கொடி லேட்டுன்னு உங்க வாயால சொல்லணும். என்னைப் பார்த்துச் சொல்லணும்."

அவர் காகிதத்தை எடுத்து டிராயருக்குள் போட்டுப் பூட்டினார். நான் வாசல்வரை மெதுவாக நடந்தேன். என்னால் மெதுவாகத்தான் நடக்க முடியும். கூப்பிட நினைத்திருந்தால் அந்த நேரம் போதும்.

தேர் ஓடி நிலைக்கு வந்துவிட்டது.

அவர் இன்னும் சொல்லவில்லை.