மடுராணிக்கு ஒரு ராஜா

ஒரு காட்டில் கோடை வந்தால் ஆறு வற்றிவிடும். பெரிய பாறைக்கு அடியில் ஒரே ஒரு மடுவில் மட்டும் தண்ணீர் மிஞ்சும். எல்லா விலங்குகளும் அதைத்தான் குடித்தாக வேண்டும். அதனால் அவை ஒரு சங்கம் வைத்திருந்தன. சங்கத்தை நடத்துபவருக்கு ‘மடுராஜா’ என்று பெயர்.

யார் முதலில் குடிப்பது, யார் பிறகு குடிப்பது என்று மடுராஜா பாறைமேல் நின்று சொல்வார். மடு வற்றினால் ஆற்று மணலில் ஊற்று தோண்டுவதும் அவர் வேலை. எல்லோரும் குடித்து முடித்த பிறகுதான் அவர் வாய் நனைப்பார். அதுதான் வழக்கம்.

அந்த வருடம், அதுவரை மடுராஜாவாக இருந்த காட்டெருமை, “எனக்கு முழங்கால் வலிக்கிறது. வேறு ஆளைப் பாருங்கள்” என்று பாறையிலிருந்து இறங்கிவிட்டது. விலங்குகள் கூடிப் பேசி, கருமாயி என்ற பெண் யானையைத் தேர்ந்தெடுத்தன. மணலை மோந்து பார்த்தே தண்ணீர் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுவாள் கருமாயி.

“மடுராஜா கருமாயி வாழ்க!” என்று கத்தியது குரங்கு.

நரி சிரித்தது. “என்னப்பா கூத்து இது? பெண்ணைப் போய் ராஜா என்கிறாயே!”

குரங்கு தலையைச் சொறிந்தது. “சரி, மடுராணி கருமாயி வாழ்க!”

“இது பேச்சு” என்றது நரி. “ஆனால் ராணி என்று ஒருத்தி இருந்தால் ராஜா என்று ஒருவன் இருக்க வேண்டுமே? ராஜா இல்லாமல் ராணி ஏது?”

விலங்குகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது.

“திடீரென்று ராஜாவுக்கு எங்கே போவது?” என்று கேட்டது மான்.

“காட்டுக்காக அந்தக் கஷ்டத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன்” என்று நரி பாறைமேல் தாவி ஏறிவிட்டது.

கருமாயிக்கு மாலை போட்டு மர நிழலில் நிற்க வைத்தார்கள்.

“வேலை செய்யத்தானே என்னைத் தேர்ந்தெடுத்தீர்கள்?” என்று கேட்டாள் கருமாயி.

மாலை மிகவும் அழகாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள்.

“முதலில் ராஜாவின் மாமா! அடுத்து ராஜாவின் சித்தப்பா!” என்று பாறைமேல் நின்று கூவியது நரி. நரிக் கூட்டம் மடுவில் இறங்கிப் புரண்டு கும்மாளம் போட்டது. வெயிலும் கூடிக்கொண்டே போனது. சீக்கிரமே மடுவில் சேறுதான் மிஞ்சியது.

நாக்கு உலர்ந்து மான்குட்டி படுத்துவிட்டது.

“ராஜா அண்ணே, ஊற்று தோண்டுங்கள்!” என்று மான் கெஞ்சியது. “என் பிள்ளை கண்ணைத் திறக்க மாட்டேன் என்கிறான்.”

நரி அங்கே கொஞ்சம் பறித்தது, இங்கே கொஞ்சம் பறித்தது. புழுதிதான் பறந்தது.

“மணலில் ஏதோ கோளாறு” என்றது நரி.

“மணலிலா, ராஜாவிலா?” என்று மரத்திலிருந்து கேட்டது குரங்கு.

கருமாயி மாலையைக் கழற்றிக் கிளையில் மாட்டிவிட்டு ஆற்றில் இறங்கினாள். நரி குறுக்கே ஓடி வந்தது.

“நில்! ராணி தோண்டினால் ராஜாவுக்கு என்ன மரியாதை?”

“மரியாதையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், நரியாரே. பிள்ளைக்குத் தண்ணீர் வேண்டும். தள்ளி நில்லுங்கள்.”

அவள் மணலை மோந்தாள். ஓரிடத்தில் நின்று காலால் பறித்தாள். மணல் ஈரமானது, பிறகு குளிர்ந்த தண்ணீர் குபுகுபுவென்று ஊறியது. துதிக்கையில் கொஞ்சம் எடுத்து மான்குட்டியின் முகத்தில் தெளித்தாள். குட்டி கண்ணைத் திறந்து, தள்ளாடி எழுந்து, மடக்கு மடக்கென்று குடித்தது.

அடுத்த ஆளாக நரி பாய்ந்து வந்தது. மான் வழியை மறித்தது.

“பொறுங்கள் அண்ணே. ராஜா எல்லோருக்கும் கடைசியில் அல்லவா குடிக்க வேண்டும்?”

“கருமாயி கடைசியில் குடிக்கட்டுமே!”

“அக்கா ராணிதானே? ராஜா நீங்கள் அல்லவா?”

“அவசரமே இல்லை, ராஜா” என்றது குரங்கு. “ஆமை இப்போதுதான் மேட்டிலிருந்து கிளம்பியிருக்கிறதாம்.”

நரி வரிசையைப் பார்த்தது. தண்ணீரைப் பார்த்தது. “நான் ராஜா இல்லை! எனக்கு எந்தப் பட்டமும் வேண்டாம்!” என்று கத்திவிட்டு, ஓடிப்போய் முயலுக்குப் பின்னால் நின்றுகொண்டது.

“ராஜா போய்விட்டார். இனி அக்காவை என்னவென்று கூப்பிடுவது?” என்று விழித்தது குரங்கு.

“எருமை அண்ணன் பார்த்த வேலையைத்தான் நான் பார்க்கிறேன்” என்றாள் கருமாயி. “நாளைக்கு இன்னொருவர் பார்ப்பார். ‘மடுத் தலைவர்’ என்று வையுங்கள். யார் வந்தாலும் பொருந்தும்.”

“மடுத் தலைவர் கருமாயி வாழ்க!”

“கத்தினால் தாகம்தான் கூடும். இறங்கி வந்து வரிசையில் நில்” என்றார் மடுத் தலைவர்.

நீதி: தலைமைக்கு வைக்கும் பெயர் செய்யும் வேலையைச் சொல்ல வேண்டும், செய்பவர் ஆணா பெண்ணா என்பதை அல்ல.