வெளியே ஒரு ஸ்டூல்

என் மனைவி ஆவுடையைக் கடைசியாக நான் உயிரோடு பார்த்தபோது அவள் கை கழுவிக்கொண்டிருந்தாள். மின்விசிறியை நிறுத்தினாள். மாஸ்க் போட்டாள். கதவைச் சாத்தினாள். நான் வெளியே ஸ்டூலில் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்தேன். சாய்ந்து கிடந்தாள். இதயம் நின்றுவிட்டது என்றார், வந்து பார்த்த டாக்டர்.

அதற்கு ஒன்பது வருஷம் முன்னால் அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போயின. வயிற்றில் குழாய் வைத்தார்கள். தினம் நாலு தடவை அதன் வழியே பழைய தண்ணீரை வெளியேற்றிவிட்டு, புதுப் பையிலிருந்து மருந்துத் தண்ணீரை உள்ளே விட வேண்டும். வீட்டிலேயே செய்யலாம். கைவராவிட்டால் வாரம் மூன்று நாள், பஸ்ஸில் இரண்டரை மணி நேரம் போய் டயாலிசிஸ் மெஷினில் படுக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் அதைக் கற்றுக்கொடுத்தவர் பியூலா சிஸ்டர்.

"பைக்குழாய் முனை எதுமேலயும் படக்கூடாது. பட்டா கிருமி வயித்துக்குள்ள போயிரும். உயிருக்கே ஆபத்து."

ஆறு நாள் ஆவுடை பிசகில்லாமல் செய்தாள். ஆறு நாளும் கேட்டாள்.

"நாளைக்கு வீட்டுக்கு விடுவீங்களா சிஸ்டர்?"

"பாக்கலாம்மா."

"என்ன தப்பு செஞ்சேன்?"

"ஒண்ணுமில்ல."

"பொறவு?"

சிஸ்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

"அவங்களுக்கு உன்னப் பிடிச்சுப்போச்சு" என்றேன்.

"உங்களுக்கு ஆஸ்பத்திரி இட்லி பிடிச்சுப்போச்சு. அதான் இந்தச் சிரிப்பு."

ஏழாம் நாள். சிஸ்டர் முதுகைக் காட்டி நின்று ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். ஆவுடை முனையின் மூடியைக் கழற்றினாள். சிஸ்டரின் முதுகை ஒரு தடவை பார்த்தாள். பிறகு பையைக் கீழே வைத்தாள்.

"சிஸ்டர், முனை சேலையில பட்டுட்டு."

"படல சிஸ்டர்" என்றேன். "நான் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்."

பட்டதை நான் பார்த்திருந்தேன்.

சிஸ்டர் அந்தப் பையை எடுத்துக் குப்பையில் போட்டார். வேறு பை கொடுத்தார். ஆவுடை மறுபடி கை கழுவுவதிலிருந்து தொடங்கினாள். முடிந்ததும் சிஸ்டர் தாளில் கையெழுத்துப் போட்டார்.

"நாளைக்கு வீட்டுக்குப் போங்கம்மா."

"இன்னைக்குத்தான சிஸ்டர் தப்பு செஞ்சேன்?"

"நீங்களாச் சொன்னீங்கல்லா. வீட்டுல பாக்கதுக்கு நான் இருக்க மாட்டேன்."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அண்ணாச்சி, அம்மா பை மாத்தும்போது நீங்க உள்ள இருக்க வேண்டாம். வெளிய ஒரு ஸ்டூல் போட்டுக்கோங்க."

ஒன்பது வருஷத்தில் பதினோரு தடவை உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது.

"பட்டுட்டு. இன்னொரு பை எடுங்க."

கதவிடுக்கு வழியே கொடுப்பேன். அவள் வயிற்றில் ஒரு தடவைகூடக் கிருமி சேரவில்லை.

இப்போது அந்தக் கதவு திறந்தே கிடக்கிறது. ஸ்டூல் வெளியேதான் இருக்கிறது.