தலைமையாசிரியர் அறையில் ஒன்பதாம் வகுப்பு

ஆறு வகுப்புக்கு அஞ்சு வாத்தியார் இருந்தால், அதிகாரி வருகிற நாளில் மிச்சமாகிற ஒரு வகுப்பை எங்கே ஒளிப்பது, சொல்லுங்க பார்ப்போம்?

எங்கள் ஊர் உயர்நிலைப்பள்ளித் தலைமையாசிரியர் ஞானசிகாமணி அந்தக் கவலையைத் தற்காலிகப் பணியாளர் ஒச்சம்மாள் தலையில் கட்டினார். "வாத்தியார் இல்லாத வகுப்பு ஒண்ணுகூட அதிகாரி மேடம் கண்ணுல படக் கூடாது. பட்டா, நாளையிலருந்து நீ வேலைக்கு வர வேண்டாம்."

"சரிங்கய்யா" என்று போனாள் ஒச்சம்மாள்.

ஜீப் வாசலில் வந்து நின்ற நேரம், ஒன்பதாம் வகுப்பு மொத்தமும் கணக்குப் புத்தகத்தோடு தலைமையாசிரியர் அறைக்குள் வந்து தரையில் உட்கார்ந்தது.

"என்ன இது?"

"வாத்தியார் இருக்கிற இடத்துக்கு வகுப்பைக் கூட்டியாந்துட்டேன்யா. நீங்களும் கணக்கு வாத்தியாரா இருந்தவுகதானே."

அதற்குள் அதிகாரி உள்ளே வந்துவிட்டார். "அடடே, ஹெச்.எம்மே பாடம் எடுக்கறீங்களா? எதுவரைக்கும் ஆச்சு?"

முன்னால் இருந்த மாணவி எழுந்தாள். "இனிமேதான் மேடம் ஆரம்பம். எங்களுக்கு நாலு மாசமா கணக்கு டீச்சரே இல்ல."

"ஆள் கேட்டு எழுதினீங்களா சார்?"

ஞானசிகாமணி மின்விசிறியைப் பார்த்தார்.

"இன்னைக்கே எழுதுங்க. ஆள் வர்றவரைக்கும் நீங்களே எடுங்க" என்று பிள்ளைகளுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார் அதிகாரி.

ஞானசிகாமணி ஒச்சம்மாள் காதோரம் குனிந்தார். "தாயி, எந்தப் பாடம்னு அந்தப் பிள்ளைகிட்ட மெதுவாக் கேட்டுச் சொல்லேன்."