கணவாயில் பதிந்த தடங்கள்

“நூற்றுப் பதினேழு!” என்று கூவிக்கொண்டே ஓடி வந்தது நரி. “அம்மா, நேற்று மட்டும் நூற்றுப் பதினேழு தடம்!”

காட்டின் தலைவியான யானை காதை அசைத்தது. கணவாய்க் காவல் நரியுடையது. தினமும் காலையில் அங்கே ஈர மண்ணில் பதிந்த குளம்புத் தடங்களை எண்ணும். எண்ணி முடித்ததும், மறுநாள் கணக்கு குழம்பாமலிருக்க, வாலால் மண்ணைத் துடைத்துவிடும்.

மூடுபனி இறங்கி ஒரு மாதமாகியிருந்தது. அந்தி சாயும்போது கணவாயில் காலடி ஓசை கேட்கும். வந்தவர் யாரையும் யாரும் பார்த்ததில்லை.

“இப்படி வந்துகொண்டே இருந்தால் நம் குளம் வற்றிவிடும்” என்றது நரி. “முள் வெட்டி வைத்திருக்கிறேன். அடைத்துவிடவா?”

“அடைத்துவிடு” என்றது யானை.

“ஏன் நரியாரே, ஒரு மானுக்கு எத்தனை கால்?” என்று பாறையிடுக்கிலிருந்து கேட்டது உடும்பு.

“உனக்கு எல்லாம் விளையாட்டுத்தான்!”

“சரி, வந்தவர்கள் எங்கே படுக்கிறார்கள்? அதை எண்ணினாயா?”

யானை யோசித்துவிட்டு உடும்பிடம் சொன்னது: “பொழுது சாயும்வரை நேரம் தருகிறேன். நீயே எண்ணி வா.”

உடும்பு புல்வெளிக்குப் போனது. மான்கள் படுத்துப் பள்ளமான இடங்கள் நாற்பது இருந்தன. ஒவ்வொன்றிலும் வயிற்றை வைத்துப் பார்த்தது. ஒன்பதில் சூடு இருந்தது. மற்றவை சில்லிட்டிருந்தன. ஒன்றின் குறுக்கே சிலந்தி வலை பின்னியிருந்தது. புதிய படுக்கை ஒன்றுகூட இல்லை.

அந்தியில் மூவரும் கணவாய்க்குப் போனார்கள். முள் குவியலின் முன்னால் ஒரு பெண்மான் நின்றிருந்தது. அதன் வயிற்றோடு ஒட்டி ஒரு குட்டி.

“வெளியூர்க்காரி!” என்று கத்தியது நரி.

“நான் இந்தக் காட்டில்தான் பிறந்தேன்” என்றது மான். “நீங்கள் ஓடை பாயும் மேற்குக் கரையில் குடிக்கிறீர்கள். எங்களுக்குக் கிழக்குக் கரைதான். அங்கே தேங்கிய தண்ணீர் பச்சையாகி நாறுகிறது. அதைக் குடித்து இரண்டு குட்டிகள் செத்தன. மலைக்கு அப்பால் ஊற்று இருக்கிறதாம். வழியை அடைத்தால் இதுவும் சாகும்.”

யானை குனிந்து மண்ணைப் பார்த்தது. அன்று காலைக்குப் பிறகு பதிந்த தடங்கள். எல்லாம் வெளியே போகும் தடங்கள்.

“இதை நீ பார்க்கவே இல்லையா?”

“நம் குளத்தை விட்டு யாரம்மா போவார்கள்?” என்றது நரி. “தடம் என்றால் வருகிறவர்களுடையதுதான் என்று...”

யானை முள் குவியலைத் தும்பிக்கையால் தூக்கி எறிந்தது. “நாளை விடியும்போது கிழக்குக் கரையை வெட்டி, நாறிய தண்ணீரை வெளியேற்றுவோம். எத்தனை படுக்கை மீண்டும் சூடாகிறதென்று உடும்பு தினமும் பார்த்துச் சொல்லட்டும்.”

“குளம் தெளிந்தால் வருவேன்” என்றது மான். குட்டியோடு பனிக்குள் நடந்தது. சற்று நேரம் குளம்போசை கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

மூவரும் திரும்பினார்கள். கடைசியாக வந்த நரி, வாலை உயரத் தூக்கிக்கொண்டு, தடங்களில் படாமல் ஓரமாக நடந்தது.

எத்தனை பேர் என்று எண்ணினால் மட்டும் போதாது; எந்தப் பக்கம் போகிறார்கள், ஏன் போகிறார்கள் என்று கேட்காமல் போடும் வேலி சொந்த மக்களையே சிறைவைக்கும்.